மணிக்கட்டுக்குக் கீழே

எனக்குச் சாமி உண்டு. குளித்து நெற்றிக்கு இட்டுக்கொள்ளாமல் ஒரு வாய் காப்பி குடித்தவன் இல்லை. ஆனால் பேய், காத்து கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். படிப்பு எட்டாவதுதான், இருந்தாலும் அந்த அளவுக்குப் புத்தி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். நரசிம்மர்மேல் சத்தியமாக, நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

வீடு வடக்குப்பட்டில். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷினில் நிற்கிறேன். தகட்டை உள்ளே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலேயிருந்து அச்சு இறங்கும். இறங்கும்போது கை உள்ளே இருக்கக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. டார்கெட் அவசரத்தில் ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டிவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டுகிறவர்களும் உண்டு.

எனக்குப் பிரஷர் ஏறிப்போனது. வீட்டில் தொட்டதற்கெல்லாம் கோபம். அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் மைண்ட்ஃபுல்னஸ் என்று ஒரு தியான வகுப்பு வைத்தார்கள். கேன்டீனில் பாய் விரித்து உட்காரவைத்து ஒரு மேடம் சொல்லிக்கொடுத்தார். மந்திரம் கிடையாது, சாமி படம் கிடையாது.

"கால் கட்டைவிரல்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு இடமா மனசைக் கொண்டு போங்க. வலி இருந்தா வலி, சூடு இருந்தா சூடு. எதையும் மாத்தப் பார்க்காதீங்க. கவனிங்க, அவ்வளவுதான்" என்றார்.

முதல் ஷிஃப்ட் முடிந்து வந்து, விளக்கேற்றுவதற்கு முன்னால் பூஜை அலமாரிக்கு எதிரே கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவேன். வேட்டி மடியில் இரண்டு கையும் இருக்கும். பலன் இல்லை என்று சொன்னால் பாவம். தூக்கம் வந்தது, பிரஷர் இறங்கியது. என் மனைவி செல்வியே, "இப்பத்தான் மனுசன் மாரி பேசறீங்க" என்றாள்.

அப்படி ஒரு சாயங்காலம். கால், முட்டி, வயிறு, மார்பு, வலது கை என்று மனசு ஒழுங்காகப் போய், இடது தோளில் இறங்கி, முழங்கை தாண்டி, மணிக்கட்டுக்கு வந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. மரத்துப்போனது இல்லை, மரத்துப்போனாலும் அது ஒரு மாதிரி தெரியுமே. படி இருக்கிறது என்று காலை வைத்து, படி இல்லாமல் போனால் வயிற்றில் ஒன்று பிடிக்குமே, அதுபோல. கண்ணைத் திறந்தேன். கை மடியில்தான் இருந்தது. விரலை மடக்கினேன், மடங்கியது. கண்ணை மூடினேன், கை இல்லை.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். செல்வியிடம் சொன்னேன். அவள் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கை அங்கயேதான கீது? இன்னாங்க பயமுறுத்தறீங்க" என்றாள். டாக்டர் நரம்பெல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். தியான வகுப்பு மேடமோ, சிலருக்கு அப்படித் தோன்றும், அதையும் கவனியுங்கள் என்றார்.

என் வீட்டு மாடி அறையில் முருகேசன் வாடகைக்கு இருந்தான். சாத்தூர்ப் பக்கத்து ஆள், எங்கள் கம்பெனிதான், ஊரில் மனைவியும் கைக்குழந்தையும். அவனிடம் சொன்னதுதான் தாமதம், விழுந்து விழுந்து சிரித்தான்.

"அண்ணே, காலையில கக்கூஸுக்குப் போறீகள்ல, அப்பக் கிடைக்குதா?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் மெஷின் முன்னால் போய் நின்றால் சிரிப்பு வரவில்லை. அச்சு இறங்கும் ஒவ்வொரு முறையும் கை போகப்போவது இதிலேதானோ, இதிலேதானோ என்று உடம்பு நடுங்கும். கடைசியில் சூப்பர்வைசரிடம் வேறு வேலை கேட்டேன். "தியானம் பண்ணி ஆளுங்க லூசாயிட்டீங்கய்யா" என்று திட்டிவிட்டு, நடுங்குகிற ஆளைப் பிரஸ்ஸில் நிறுத்தினால் தன் தலை உருளும் என்று பேக்கிங்குக்கு மாற்றினார். அன்று சாயங்காலம் உட்கார்ந்தேன். மணிக்கட்டுக்குக் கீழே உள்ளங்கை, ஐந்து விரல், எல்லாம் சூடாகத் தெரிந்தது. அழுதுவிட்டேன். பெருமாளே காப்பாற்றினார் என்று விழுந்து கும்பிட்டேன்.

கும்பிட்டு எழுவதற்குள் மாடியிலிருந்து முருகேசன் கத்தினான். "அண்ணே, நாளையிலருந்து உங்க மெஷினு எனக்குத்தான். போட்டுட்டாக."

மேலே ஓடினேன். "வேணாம்டா முருகேசா, லீவு போடு, ஊருக்குப் போயிட்டு வா" என்றேன். "புள்ளைக்குக் காதுகுத்து வருதுண்ணே, இப்ப லீவைத் தின்னுட்டா அப்ப என்ன செய்ய? எனக்குக் கை இருக்கு, பாருங்க" என்று என் முகத்துக்கு நேரே இரண்டு கையையும் படபடவென்று தட்டிக் காட்டினான்.

என்னால் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். சூப்பர்வைசரிடம் போனேன், துரத்தினார். சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு, குங்குமம் கொண்டுவந்து மெஷினுக்கு வைத்தேன். பட்டனில் ஒட்டியிருந்த டேப்பை நானே உரித்து எறிந்தேன். தினமும் ஷிஃப்ட் ஆரம்பிக்கும் முன் போய்த் தடவிப் பார்ப்பேன். முருகேசன் கையெடுத்துக் கும்பிட்டுக் கேலி செய்வான், "பூசாரி வந்துட்டாக, வழி விடுங்கப்பா."

அன்றைக்கும் பார்த்தேன். டேப் இல்லை.

டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், பேக்கிங்கில் நின்றிருந்த எனக்கு அலறல் எதுவும் கேட்கவில்லை. லைன் சத்தம் நின்றதுதான் கேட்டது. அட்டைப்பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். போகும்போதே எந்தக் கை என்று எனக்குத் தெரியும். அவன் தலையை மடியில் போட்டுக்கொண்டு இடது மணிக்கட்டைத் துணியால் இறுக்கிப் பிடித்திருந்தேன், ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் அதுதான் என்னால் முடிந்தது. "அண்ணே, கையத் தேடுங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

பட்டன் இரண்டையும் அவன் ஒழுங்காகத்தான் அமுக்கினானாம், பக்கத்து மெஷின்காரர் பார்த்திருக்கிறார். அச்சு மேலே போனது, பீஸை எடுக்கக் கை நீட்டினான், தானாக இன்னொரு முறை இறங்கியது. வெளியிலிருந்து ஆட்கள் வந்து பகல் முழுக்க ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து முருகேசன் எங்கள் மாடிக்கே வந்தான். அவன் மனைவியும் குழந்தையோடு வந்து இருக்கிறாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் கதவைச் சாத்திக்கொண்டு தியானத்தில் உட்கார்ந்துவிடுவேன். அவனுக்கு அது தெரியாது.

ஒருநாள் அவனே சொன்னான். "அண்ணே, போன கை சாயங்காலமானாத் தெரியுது. யாரோ மடியில எடுத்து வச்சுக்கிட்ட மாதிரி. சூடா இருக்கு. வேட்டித்துணி கூடத் தெரியுதுண்ணே."

வெட்டுப்பட்டவர்களுக்கு இல்லாத கை இருப்பதுபோல் தோன்றும் என்று டாக்டர் சொன்னார். சரி என்று தலையாட்டினேன். பயத்தில் மறுநாள் நான் உட்காரவில்லை. சாயங்காலம் மாடியில் அவன் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. கை மெஷினுக்குள் இருக்கிறதாம், நசுங்குகிறதாம், யாராவது எடுங்கள் என்கிறான். இரண்டு பேர் பிடித்தும் அடங்கவில்லை. நான் கீழே ஓடி, சட்டைகூடக் கழற்றாமல் அலமாரி முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடினேன். மனசு மணிக்கட்டு வரை வந்து, உள்ளங்கைக்கு இறங்கியதும் மேலே சத்தம் நின்றது.

அதிலிருந்து ஒருநாள் தவறாமல் உட்காருகிறேன். காய்ச்சல் என்றாலும், சாவு வீடு என்றாலும் அந்த நேரத்துக்கு ஓடி வந்துவிடுவேன். செல்விக்குக் கூட முழுசாகச் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் யார் உட்காருவார்கள் என்று தெரியவில்லை. பெருமாளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நேற்று உட்கார்ந்திருக்கும்போது மாடி ஜன்னலிலிருந்து முருகேசன் தன் மனைவியிடம் பேசுவது கேட்டது. "இந்தா பாரு, இப்ப விரலை விரிக்கிறேன். விரியுது புள்ள."

கண்ணைத் திறந்து மடியைப் பார்த்தேன். என் இடது கை விரிந்திருந்தது. நான் விரிக்கவில்லை.