ப்யி என்றால் இடமில்லை

புரோம் சாலையில் ஊர் ஊராக மூன்று நாள் பஸ்ஸில் சுற்றப் போகிறோம் என்று நானும் மதினியும் சொன்னபோது, ரங்கூன் வீட்டில் யாரும் தடுக்கவில்லை. சிரித்தார்கள். எரிச்சல் அதில்தான்.

"பகல் சாப்பாட்டுக்கு வருவேன்," என்றார் அலோன் துறைமுகத்தில் வேலை பார்த்த அண்ணன். "அப்பவும் ரெண்டு பேரும் பஸ் நிக்கிற இடத்துலயே நின்னா, மூட்டையப் பிரிச்சு அடுப்பப் பத்த வைக்கணும். பிறகு ஊர் சுத்துற பேச்சே வரக்கூடாது."

மூட்டை என்றது என் கித்தான் பையை. இரண்டு வார் தைத்து முதுகில் மாட்டும்படி செய்திருந்தேன். மதினி அதை மாட்டிப் பார்த்து, "உங்க அண்ணன்கிட்டச் சொல்லி எனக்கும் துறைமுகத்துல ஒரு வேலை வாங்கிக் குடு," என்றாள்.

நான் கம்பவுண்டர் படிப்பு முடித்தவள். சீட்டு ஒட்டாத புட்டியைத் தொடமாட்டேன். பயணத்துக்கும் பட்டியல் போட்டிருந்தேன்: டிங்சர், பஞ்சு, அவல், மாற்றுச் சேலை, கடைசியில் பத்துப் பர்மியச் சொற்கள். அதில் நான்காவது: ப்யி - நிரம்பிவிட்டது, இடமில்லை.

காலை ஏழு மணிக்கு முதல் பஸ் வந்தது. கண்டக்டர் "ப்யி! ப்யி!" என்று கத்தினான். விட்டுவிட்டோம். இரண்டாவதும் "ப்யி!" மூன்றாவதும் "ப்யி!"தான்; ஆனால் உள்ளே நாலே பேர் இருந்தார்கள்.

"காலியா இருக்கேம்மா," என்றாள் மதினி.

"இடம் பிடிச்சு வச்சிருப்பாங்க, மதினி."

"யாருக்கு, பேய்க்கா?"

பக்கத்தில் மோஹிங்கா என்ற மீன்குழம்புச் சேமியா விற்ற பர்மாக்காரிக்குப் பதினொன்றரை மணிக்குப் பொறுமை போயிற்று. "எங்கே போறது?" என்று உடைந்த தமிழில் கேட்டாள். புரோம் பக்கம் என்றேன். கரண்டியை ஆட்டி, "புரோம்தான் ப்யி! ஊர் பேர் ப்யி!" என்றாள்.

ஒரே சீட்டு, இரண்டு புட்டி. மதினி என்னைப் பார்த்த பார்வைக்குப் போட என்னிடம் டிங்சர் இல்லை.

தெருக்கோடியில் அண்ணனின் குடை தெரிந்தபோது நான்காவது பஸ் வந்தது. கண்டக்டர் கையை விரித்து, "ப்யி! ப்யி!" என்றான்.

"ஆமா, ப்யிதான்!" என்று மதினி ஏறிவிட்டாள். அவன் இன்னும் உரக்கக் கத்தினான். நானும் தலையாட்டிக்கொண்டே ஏறினேன். உள்ளே கால் வைக்க இடமில்லை. இந்தத் தடவை அவன் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. பஸ் நகர்ந்துவிட்டது. மதினி ஒரு கோழிக்கூடைமேல் சாய்ந்தபடி அண்ணனுக்குக் கை காட்டினாள். அவர் குடையோடு அப்படியே நின்றார்.

வழியில் வந்த மாவ்பி ஊர் வரை ஒற்றைக் காலில் போனேன். இறங்கியதும் பட்டியலைத் திருத்தினேன். ப்யி: இழுத்துச் சொன்னால் ஊர், வெட்டிச் சொன்னால் இடமில்லை. எப்படிச் சொன்னாலும் ஏறிவிட வேண்டும்.