மாடி வீட்டம்மாவும் வலிப்பு வந்த நாயும்

தொண்ணூறுகளில், தலைநகரில் லோதி ரோடு குடியிருப்பில் எங்கள் மாடி வீட்டில் இருந்த அம்மாள் நல்ல உயரம். தன் நாயோடு தமிழில் பேசிக்கொண்டே நடப்பார்.

ஒரு காலை, பூங்காவில் அந்த நாய் சரிந்து விழுந்து, நுரை தள்ளி, கால்களை உதைத்தது.

"பாகல் குத்தா!" வெறிநாய் என்று காவலாளி தடியை ஓங்கினார்.

அம்மாள் குறுக்கே நின்றார். "வெறியில்லப்பா, வலிப்பு. மிர்கீ!" என்று இந்தியிலும் சொன்னார்.

நான் அதன் வாயைத் திறக்கக் குனிந்தேன்.

"கைய வைக்காதீங்க, கடிச்சிரும். தன்னால நிக்கும்." கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்.

வலிப்பு நின்றது. நாய் தள்ளாடி எழுந்தது.

"உங்களுக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"பயந்தான். ஆனா கண்ணு தெளிஞ்சதும் அது என் மொகத்தத்தானே தேடும்?"

டாக்டரிடம் அழைத்துப் போனார். எங்கள் மாடி வீட்டம்மா என்று பூங்காவில் கூடிவிட்ட எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். அந்தப் பயத்தை அவர் எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ, இன்றும் எனக்குத் தெரியவில்லை.