கீழ் லயத்துக்கு ஒரு கன்டெய்னர்

கம்ப்யூட்டர் வேலையில், எல்லாம் நன்றாக ஓடுகிற நாளில் நம்மை ஒருவரும் நினைப்பதில்லை. ஓடாத நாளில் ஊரே வாசலில் வந்து நிற்கும். யாரிடமும் முறையாகப் படிக்காமல், தட்டித் தடவிக் கற்றுக்கொண்டு, ராத்திரி விழித்துப் பகலில் போர்வைக்குள் புரளுகிற என் இனத்தாருக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ராத்திரியில் எங்கோ இருக்கிற ஒரு கம்பெனியின் சர்வர்களுக்கு நான் காவல். பகலில் தூக்கம் சரியாக வராது. அந்த வராத தூக்கத்தில்தான் எங்கள் தோட்டத்துக்காக இந்த வேலையை எடுத்தேன். இலங்கையில், ஓப்பநாயக்கவுக்கு மேலே இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். கீழ் லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் கீழ் வரிசை வீடுகளுக்கு, நேர் பின்னால் மலை. மழை பிடித்துக்கொண்டால் மலை சரியலாம் என்று அந்த லயத்து ஆட்கள் மேலே கோயில் மண்டபத்துக்கு வந்துவிட வேண்டும். கோயில் கமிட்டி கூரையில் மழை அளக்கும் கருவி ஒன்றை வைத்தது. மழை அளவு மீறினால் ஒலிபெருக்கியில் குரல் கொடுத்து, எல்லோருடைய போனுக்கும் அறிவிப்பு அனுப்பும் வெப் அப்ளிகேஷனை நான் எழுதினேன்.

மற்றவர்கள் ஓடி வந்துவிடுவார்கள். பரமேஸ்வரி அக்கா வீட்டில் அது நடக்காது. அவர் புருஷன் ராஜேந்திரன் அண்ணன் பக்கவாதத்தில் விழுந்தவர். நாற்காலியோடு நான்கு பேர் தூக்கிப் படியேற்ற வேண்டும். அறிவிப்பு முந்தி வந்தால்தான் அவர் மேலே வந்து சேருவார். பிந்தினால் அக்கா அவரை விட்டுவிட்டு வர மாட்டார். இது எல்லோருக்கும் தெரியும்.

மலைக்குக் கட்டிய மூட்டை

ஒரே கம்ப்யூட்டரை நம்பக் கூடாது என்று கோயில் ஆபீசில் ஒன்றும், டவுனில் நசீர் நானாவின் பேக்கரியில் ஒன்றுமாக இரண்டு பழைய கம்ப்யூட்டர்களைப் பிடித்தேன். ஒன்று செத்தால் மற்றது பார்த்துக்கொள்ளும். ஆனால் என் லேப்டாப்பில் துள்ளி விளையாடுகிற புரோகிராம் இன்னொரு கம்ப்யூட்டரில் சீக்குக் கோழி மாதிரிச் சுருண்டு படுத்துவிடும், உங்களுக்கும் நடந்திருக்கும். அதனால் புரோகிராமையும் அதற்கு வேண்டிய துணைச் சாமான்களையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டினேன். அந்தக் கட்டுக்கு இமேஜ் என்று பெயர். எந்தக் கம்ப்யூட்டரில் இறக்கினாலும் ஒரே மாதிரி ஓட வேண்டும். ஓடுகிறபோது அது கன்டெய்னர்.

ஒலிபெருக்கியில் பேச வேண்டிய குரலைப் பதிய பரமேஸ்வரி அக்கா வந்திருந்தார். கொழுந்து பறிக்கிற மலையில் அவர் கூப்பிட்டால் அடுத்த மலையில் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதால் கமிட்டி அவரைத்தான் அனுப்பியது. இமேஜ் என்றால் என்ன என்று கேட்டார். "சிவனொளிபாதமலைக்குப் போறப்ப அரிசி, உப்பு, புளி, அடுப்புன்னு எல்லாத்தையும் மூட்டை கட்டிக்கிட்டுப் போறோம்ல, அது மாதிரிக்கா" என்றேன். அக்கா உடனே கேட்டார்: "எதையாச்சும் வச்சுட்டு வந்தது பாதி மலை ஏறுன பெறகுதானே தம்பி தெரியும்?"

நானாவின் ஜன்னல்

அக்கா சொன்ன பாதி மலை ஒரு வாரத்துக்குள் வந்தது. அறிவிப்பு சிங்களத்திலும் தமிழிலும் ஒரு படமாகப் போனுக்குப் போக வேண்டும். என் லேப்டாப்பில் இரண்டும் அழகாக வந்தன. கன்டெய்னருக்குள் ஓடியபோது சிங்களம் மட்டும் முத்து முத்தாக வந்தது. தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக வெறும் கட்டங்கள்.

காரணம் எளிது. அடித்தளமாக நான் எடுத்த இமேஜைக் கேகாலையில் இருக்கிற ஒரு சிங்கள நண்பன் தனக்காகச் செய்திருந்தான். அவனுக்குத் தேவையான எழுத்துருவை உள்ளே போட்டிருந்தான். எனக்குத் தேவையானதை நான்தானே போட்டிருக்க வேண்டும்? லேப்டாப்பில் தமிழ் எப்போதும் இருந்ததால், அது எங்கும் இருக்கும் என்று நம்பிவிட்டேன். இந்த நாட்டில் வயது இத்தனை ஆகியும் அந்த நம்பிக்கை எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நானா பேக்கரியிலிருந்து போனில் கூப்பிட்டார். "என்ன தம்பி இது, சிங்களத்துல ஓடச் சொல்லுது, தமிழ்ல ஜன்னல் காட்டுது. நாங்க என்ன, அதால குதிக்கிறதா?"

மழைக்குப் பேர் போடாத மிசின்

ஒரு விடியற்காலை, ஐந்தரை அடித்ததும் வேலை முடித்து வெளியே வந்தேன். ராத்திரி முழுக்கப் பெய்த மழை இன்னும் விடவில்லை. வேலைக்கு ஆளெடுக்கும் பெரட்டுக்குப் போகிற பெண்கள் தலையில் படங்கைப் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தார்கள். போனைத் திறந்து பார்த்தால், இன்றைய மழை பூச்சியம். தலையில் தண்ணீர் வழிய வழிய அந்தப் பூச்சியத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூட்டையில் எல்லாவற்றையும் கட்டிய நான் நம் நாட்டு நேரத்தைக் கட்டவில்லை. கன்டெய்னருக்குள் உலகப் பொது நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நடுச்சாமம் ஆகும்போது நமக்கு விடியற்காலை ஐந்தரை. அந்த நிமிஷத்தில் அது புது நாள் என்று, ராத்திரி மழையைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து எண்ணியது. நேரத்தைத் திருத்தினேன். நம் நடுச்சாமத்திலும் அது மழையைத் துடைக்கும், நாள் கணக்கே தவறு என்று பிறகுதான் உறைத்தது. எப்போது பார்த்தாலும் அதற்கு முந்திய ஒரு முழு நாளின் மழையைக் கூட்டும்படி மாற்றினேன்.

அக்காவிடம் போய் ஒளிக்காமல் சொன்னேன். மலைக்குக் கீழே படுத்திருப்பவர் அவருடைய புருஷன். எங்கள் பக்கம் ஒரு நாள் சம்பளத்தைப் 'பேரு' என்பார்கள். கொழுந்து குறைந்தால் பாதிதான், அது அரைப்பேரு. அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "ராத்திரி பூரா வேல செஞ்ச மழைக்குப் பேரே போடலையா தம்பி? அரைப்பேராவது போட்டிருக்கலாமே!"

நல்ல வெயிலில் ஓடியது

புதிய இமேஜைப் பரிசோதிக்கக் கற்பனை மழை ஒன்றை உள்ளே பெய்ய விட்டேன். நம் கம்ப்யூட்டர் ஆட்கள் செய்கிற பழைய பிழையைச் செய்தேன்: ஒவ்வொரு இமேஜுக்கும் தனி எண் வைக்காமல், எல்லாவற்றுக்கும் 'லேட்டஸ்ட்' என்றே பெயர் போட்டிருந்தேன். கோயில் கம்ப்யூட்டர் லேட்டஸ்ட் எது என்று தேடிப்போய், என் கற்பனை மழையை இறக்கி ஓடவிட்டது.

மேகமே இல்லாத ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். "கீழ் லயத்து ஆளுங்க எல்லாம் ஒடனே மேல வாங்க!" என்று அக்காவின் குரல் மலையெல்லாம் முழங்கியது. கறி வைத்த சட்டியோடு ஒருத்தி ஓடி வந்தாள். சோப்பு நுரையோடு ஒருவர் வந்தார். "என் கொரலக் கேட்டு நானே பயந்து ஓடியாந்தேன்யா" என்று அக்கா மூச்சு வாங்கினார். "மழை எங்க சார், பார்சல்ல வருதா?" என்று ஒருவன் கேட்டான். மண்டபத்துத் தூணுக்குள் ஒளிந்துகொள்ள முடிந்தால் ஒளிந்திருப்பேன்.

ராஜேந்திரன் அண்ணனை வாசலில் நாற்காலியோடு இறக்கி வைத்திருந்தார்கள். அவர் வெளியே வந்து எத்தனையோ காலம். வெயிலைப் பார்த்து முகத்தைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கக் குனிந்தேன். வாய் ஒரு பக்கம் கோண, ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிச் சொன்னார்: "அடுத்த வாட்டியும்... வெயில் நாளாப் பாத்து... தப்புப் பண்ணுங்க தம்பி."

பாண் ஆட்டோ

உண்மையான மழை வந்த நாளில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் காலையிலேயே கரண்ட் போயிருந்தது. கோயில் கம்ப்யூட்டர் செத்து, ஒலிபெருக்கி ஊமையாகி, பாதிப் பேரின் போனில் சார்ஜ் இல்லை. கூரைக் கருவிக்கு மட்டும் சொந்த பேட்டரியும் சிம்மும் உண்டு. அது சொன்னதை டவுனில் நானாவின் கம்ப்யூட்டர் கேட்டது. பேக்கரியில் இன்வர்ட்டர் இருந்தது. அதே இமேஜ், அதே கணக்கு. திரையில் எச்சரிக்கை, இந்த முறை நல்ல தமிழில்.

நானா யாரையும் கேட்கவில்லை. அக்காவின் பதிவைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு, வீடு வீடாகப் பாண், அதாவது ரொட்டி, விற்கிற ஆட்டோவை எடுத்தார். பாண் வந்துவிட்டது என்று சொல்ல அந்த ஆட்டோ போடுகிற பாட்டுத்தான் என்னை எழுப்பியது. கீழ் லயத்தில் எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு பாண் வாங்க வெளியே வந்தார்கள். வந்த இடத்தில் பாட்டு நின்று அக்காவின் குரல் தொடங்கியது. "பாண் இல்ல, பாண் இல்ல! மேல போங்க!" என்று நானா கத்தினார். நாற்காலியின் ஒரு காலை நான் பிடித்தேன். படி வழுக்கியது. அண்ணன் என் தோளை இறுகப் பற்றியிருந்தார். அந்தப் பிடியில் எவ்வளவு பலம் மிச்சமிருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. வெளிச்சம் இருக்கும்போதே எல்லோரும் மண்டபத்துக்குள் இருந்தோம்.

விடிந்து பார்த்தால் மழை விட்டிருந்தது. மலை அசையாமல் அப்படியே நின்றது. "சும்மா ஓடவிட்டுட்டீங்களே சார், அது இருந்த எடத்துலயே இருக்குதே" என்று முணுமுணுப்பு எழுந்தது. அண்ணனுக்குத் தேத்தண்ணி ஊதிக் கொடுத்துக்கொண்டிருந்த அக்கா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "அது வராட்டிப் போகுது. நாங்க வந்துட்டோம்ல."

எங்கே இறக்கினாலும் மாறாமல் ஓடுகிற ஒன்றைச் செய்யத்தான் இத்தனை பாடுபட்டேன். மேகம் கறுத்தால் பகல் தூக்கத்தையும் விட்டெறிந்து வாசலுக்கு ஓடுகிற என் கால்களைத் தவிர வேறெதுவும் அப்படி மாறாமல் ஓடியதாக இன்றுவரை என்னால் சத்தியம் செய்ய முடியாது.