எக்குவடோரைப் பாடமாக்கிய வாரம்

மகளின் வகுப்பில் ஆளுக்கொரு தென்னமெரிக்க நாட்டைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தார்கள். அவள் எக்குவடோரை எடுத்ததற்குக் காரணம் அந்த நாட்டின் பெயரோடு வரும் வாழைப்பழ ஸ்டிக்கர். வெள்ளிக்கிழமைகளில் சாமிக்கு வைக்கும் சீப்பிலிருந்து அதை உரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவாள். அங்கே தோட்டங்களுக்கு மேலே விமானம் பறந்து மருந்தடிக்குமாம். அந்த நேரம் கீழே வேலை செய்கிறவர்கள் எங்கே ஒதுங்குவார்கள் என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரியாததைச் சபையில் சொல்லக்கூடாது என்று பேச்சிலிருந்து அந்தக் கதையை வெட்டிவிட்டேன்.

மிச்சத்தை நானே எழுதினேன். கரையோரச் சமவெளி, நடுவில் அந்தீஸ் மலை, கிழக்கே அமேசன் காடு, தள்ளிக் கடலுக்குள் கலாபகஸ் தீவுகள். காட்டுக்கடியில் எண்ணெய், அது கசிந்து கெடுத்த ஆறுகள். ஏற்றுமதிக்கு வாழை, இறால், ரோஜா. ஊரில் பேச்சுப் போட்டிக்கு என்னைப் பழக்கியதுபோலவே, கைகளை உடம்போடு ஒட்டி, சபைக்கு வணக்கம் சொல்லித் தொடங்க வைத்தேன். எல்லாவற்றையும் பாடமாக்கி, காரில் போகும்போது தகனினி மோட்டர்வே நெரிசலிலும் பார்க்காமல் ஒப்புவிக்கச் சொன்னேன்.

"அவளை எலெக்ஷனிலயோ நிப்பாட்டப் போறீர்?" என்றார் கணவர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பிள்ளை குறைவாகத் தெரிந்துவிடுமோ என்ற பயம்தான்.

பேசும் நாளன்று பெற்றோர் வகுப்பின் பின்னால் இருந்தோம். மற்றப் பிள்ளைகள் பாயில் இருந்தபடியே கதைத்தார்கள். என் மகள் எழுந்து விறைப்பாக நின்று, மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களே என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். யாரோ மெல்லச் சிரித்தார்கள். இறால் வரைக்கும் வந்து நின்றுவிட்டாள். 'ரோஜா' என்று என் உதடு அசைந்தது. அதைக் கண்டு இன்னும் ஒடுங்கிப்போனாள்.

அந்த நாட்டில் உனக்கு எது பிடித்தது என்று ஆசிரியை இதமாகக் கேட்டார். மகள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. ஒரு தலையசைப்புப் போதும். நானோ இன்னும் ரோஜாவிலேயே நின்றேன். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அவள் பாயில் இருந்துவிட்டாள்.

காரில், அந்த விமானக் கதையைச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நீங்கதானே அம்மா வேண்டாம் எண்டனீங்கள்." கோபமேயில்லாத குரல். அதுதான் தாங்க முடியவில்லை.

அடுத்த வெள்ளி, ஸ்டிக்கரை உரிக்க அவள் வரவில்லை. ஸ்டிக்கரோடேயே பழத்தைச் சாமிக்கு வைத்தேன். பிறகு அவளைக் கூப்பிட்டு, எனக்கு மட்டும் அந்தக் கதையைச் சொல்லு பிள்ளை என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "பாடமாக்க வேணுமோ?"

அவள் கைகள் இரண்டும் தாமாகவே உடம்போடு ஒட்டியிருந்தன.