இரண்டு அங்குலம் குறைத்து வெட்டிய சட்டை

சுற்றுப்பட்டு நாலு தெருவில் ஸ்வெட்டரம்மா என்றால் பிறந்த குழந்தைக்கும் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? அது பிறந்த மூன்றாம் நாள் தலையில் ஏறிய குல்லாயே அவள் கைவேலைதானே. நாற்பத்தொரு வருஷம் பின்னினாள். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. யாரும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. கடைக் கண்ணாடிக்குள் தொங்கிய ஸ்வெட்டரை வெளியே நின்று பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்தவள். அவள் பின்னலில் ஒரு கண்ணி தவறியது என்று சொல்ல இதுவரை ஒரு ஆள் வந்ததில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்பாள். பெருமைக்குத்தான் சொல்வாள்.

அந்தக் கை போன மழைக்காலத்தோடு மக்கர் பண்ணிவிட்டது. இரண்டு கட்டைவிரலின் அடிமூட்டும் தேய்ந்துபோயின. காலையில் பிரஷைப் பிடிப்பதற்கே பத்து நிமிஷம் விரலை நீவ வேண்டும். "இனிமே பின்னல் ஊசியைத் தொட்டீங்கன்னா என்கிட்ட வராதீங்க" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். நூல் உருண்டைகளை எல்லாம் மூட்டை கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, காலால் மிதிக்கிற பழைய தையல் மிஷின் ஒன்றை வாங்கிப் போட்டாள். துணியைத் தள்ளிவிட்டால் போதும், மிச்சத்தைக் கால் பார்த்துக்கொள்ளும் என்பது அவள் கணக்கு.

மிஷின் மாடிப்படி ஏறுவதைக் கீழ்த்தளத்துத் தையல் மாஸ்டர் பார்த்தார். "ஸ்வெட்டரம்மா, ரெண்டு நாள் கடைக்கு வந்து உக்காருங்க. அளவெடுக்கறது, வெட்டறது எல்லாம் காட்டிடறேன்" என்றார், நல்ல மனசோடுதான்.

"நாப்பது வருஷமா ஊசியோட குடித்தனம் பண்றவ நான். எனக்கே ஊசி பிடிக்கச் சொல்லித் தர்றீங்களா மாஸ்டர்?"

"உங்க ஊசிக்குக் காதே கிடையாதேம்மா" என்று சிரித்துக்கொண்டே அவர் கடைக்குள் போனார்.

மிஷின் வாங்கிய அவசரம் அக்காவுக்காக. இருவருக்கும் ஒரே வீடு. தங்கையான ஸ்வெட்டரம்மாவுக்குப் புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று. அக்கா அந்த வம்பே வேண்டாம் என்று இருந்துவிட்டவள், தபால் நிலையத்தில் வேலை. நாலு மாதத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் அவளுடைய இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து இடது கை தோளுக்கு மேல் எழும்பாது. தலைவழியாகப் போடும் உடுப்பு எதுவும் ஆகாது. கடைச் சட்டைகளோ அக்குளில் தழும்பை அறுத்தன. காலையில் தங்கைதான் மாட்டிவிடுவாள். அந்த நேரத்தில் அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஞாயிற்றுக்கிழமையோடு லீவு முடிகிறது. "நானா ஒரு சட்டை போட முடிஞ்சா வேலைக்குப் போறேன். இல்லையா, வேலையை விடறேன்னு எழுதிக் கொடுத்துட்டு வீட்டுலயே கிடக்கறேன். பொம்மைக்கு மாட்டற மாதிரி நீ மாட்டிவிட்டு நான் போறதெல்லாம் வேண்டாம்" என்று அக்கா சொல்லிவிட்டாள். மாஸ்டரிடம் தைக்கலாம் என்றால், இந்த உடம்பின் மேல் வேற்று ஆள் டேப் வைக்க விடமாட்டாள்.

"திங்கக்கிழமை காலையில சட்டை உன் கையில இருக்கும். சொல்றது யாரு? நான்!" என்றாள் தங்கை.

துணியை அக்காவே பொறுக்கினாள். சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடு போட்டது. ஸ்வெட்டரம்மா அளவெடுத்தாள்: முப்பத்தாறு. எடுத்த கையோடு அதில் இரண்டு அங்குலத்தைக் கழித்தாள். யோசிக்கக்கூட இல்லை. கம்பளி இழுத்தால் நீண்டு கொடுக்கும். உடம்பைவிடக் கொஞ்சம் குறைத்துப் போட்டால்தான் தொங்காமல் ஒட்டி நிற்கும். நாற்பத்தொரு வருஷமாக அவள் கை செய்த கழித்தல் அது. ஓரத்தோடு ஓரம் வைத்துச் சேர்ப்பதுதான் பின்னல்காரியின் வழக்கம் என்பதால் தையலுக்கென்று விளிம்பும் விடவில்லை. கோட்டின் மேலேயே கத்தரியை ஓட்டினாள். மூன்று முறை அடிநூல் சிக்கியது, இடுப்பு கழன்றுபோனது. சனிக்கிழமை சாயங்காலம் சட்டை முடிந்தது.

வலது கை நுழைந்தது. இடது கை முழங்கையோடு நின்றது. மெல்லத் தள்ளித் தள்ளி ஏற்றினார்கள். முன்பக்கம் இரண்டு ஓரமும் சேரவில்லை. நடுவே நாலு விரல் இடைவெளி. "மூச்சை இழுத்துப் பிடி" என்று தங்கை இழுத்ததும் அக்குளில் தையல் சர்ரென்று விட்டுப்போனது.

"விடுடி. வலிக்குது." அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். "லெட்டர் எழுதிடறேன். பேனா எங்க இருக்கு பாரு."

"நாளைக்கு ஒரு நாள் இருக்கு. பேனாவும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

சொல்லிவிட்டாளே தவிர, தையலைப் பிரித்துப் பார்த்தால் பெரிதாக்க உள்ளே அரை விரல் துணிகூட இல்லை. ஸ்வெட்டர் என்றால் உருவி, உருண்டையாகச் சுற்றி, மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கலாம். எத்தனை முறை ஆரம்பித்திருக்கிறாள்! வெட்டிய துணியை என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை காலை, சட்டையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு படியிறங்கினாள். அந்தப் பன்னிரண்டு படியும் அவளுக்கு நூற்றிருபதாக இருந்தது. மாஸ்டர் சட்டையை உள்பக்கம் திருப்பினார்.

"இதுல தையலுக்கு ஓரம் எங்கம்மா?"

"விடலை."

"உடம்பு எவ்வளவு?"

"முப்பத்தாறு."

"வெட்டினது?"

"முப்பத்தி நாலு." அவள் கடைச் சுவரைப் பார்த்தாள். "கம்பளிக்கு அப்படித்தான் கணக்கு."

அவர் சிரிப்பார் என்று பார்த்தாள். சிரிக்கவில்லை. "இந்தத் துணி நீண்டு கொடுக்காதும்மா, கிழியும். உடம்புக்கு மேல நாலு அங்குலம் லூஸ் விடணும். ஓரம் தனி. பட்டன் பட்டி தனி. முதல்ல நியூஸ்பேப்பர்ல வெட்டி ஒட்டிப் பாத்துட்டு அப்புறம் துணியில கத்தரியை வைங்க. அளவைச் சொன்னா நானே வெட்டித் தந்துடுவேன்."

சரி என்று சொல்லிவிட வாய் வரை வந்தது. அவ்வளவு அசதி. அக்காவின் இடப்பக்கம் எப்படியிருக்கிறது என்று இவரிடம் விவரம் சொல்ல வேண்டிவருமே என்று நினைத்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

"வேண்டாம். வழியைச் சொல்லுங்க, வெட்டறது நான். இடது கை தூக்க வராது, அதுக்கு என்ன பண்றது?"

"நான் சொல்லி நீங்க கேக்கறதா? நாள்காட்டியில இன்னைய தேதியை வட்டம் போட்டு வைக்கணும்."

"போட்டுக்குங்க. இப்ப சொல்லுங்க."

அக்குள் பக்கத்துக் கைக்குழியை இறக்கி, சட்டைக் கையை அகலமாக வெட்டச் சொல்லி, சுண்ணாம்புக் கட்டியால் மேஜை மேலேயே வரைந்து காட்டினார். ஒற்றைக் கையால் போடத் தோதாகக் கோட்டுக்கு வைக்கிற பெரிய பட்டன் ஆறு எடுத்துக் கொடுத்தார்.

துணிக்கடை பூட்டியிருந்தது. உறை பிரிக்காத இளம்பச்சைப் படுக்கை விரிப்பை எடுத்து விரித்தாள். காகிதத்தில் ஒரு முறை, துணியில் ஒரு முறை. கட்டைவிரல் மடங்க மறுத்ததால் கத்தரியை மேஜை மேல் ஊன்றி, இரண்டு கையாலும் அழுத்தி அழுத்தி வெட்டினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் கண்ணில் நீர் வந்தது. அக்கா அறையை விட்டு வெளியே வரவில்லை. விளக்குப் போடும் நேரத்துக்குக் கடைசிப் பட்டனும் ஏறியது. "போட்டுப் பார்க்கறியா?" என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அக்காவின் கட்டில் முனையில் மாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை, அக்கா அறைக்கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டாள். நாலு மாதத்தில் முதல் தாழ்ப்பாள். தங்கை கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே துணி உரசும் சத்தம். ஒரு முனகல். அப்புறம் ஒன்றுமில்லை. "நான் வரட்டுமா?" என்று கேட்டுவிடாமல் இருக்கப் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள். பட்டன் ஒன்று போட இவ்வளவு நேரமா? ஆறு பட்டன் வைத்தது யார், தான்தானே. நாலு வைத்திருக்கக் கூடாதா?

தாழ் திறந்தது. அக்கா கழுத்து வரை பட்டன் போட்டு நின்றாள்.

"லூஸா இருக்கு."

"இருக்கும். நாலு அங்குலம் விட்டிருக்கேன்."

"காலர் கோணல்."

"எங்க கோணல்? நீ நிக்கறது கோணல்."

"சாயங்காலம் வந்து சண்டை போடறேன், இப்ப பஸ் போயிடும்." பையை வலது தோளில் மாட்டிக்கொண்டு அக்கா படியிறங்கினாள். பாதிப் படியில் நின்று, "அடுத்தது நீலத்துல தை" என்றாள்.

ஸ்வெட்டரம்மா டீ கூடப் போட்டுக்கொள்ளாமல் கட்டிலில் சாய்ந்தாள். இரண்டு கட்டைவிரலும் விண்விண்ணென்று தெறித்தன.

"என்னம்மா, அக்கா ஜோரா போறாங்களே! யார் தைச்சதுன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?" என்று கீழேயிருந்து மாஸ்டரின் குரல் வந்தது.

இப்படி ஒரு கேள்விக்கு அவள் வாழ்நாளில் பதில் சொல்லாமல் விட்டதில்லை. சொல்ல நல்ல பதிலும் இருந்தது. எழுந்து ஜன்னல் வரைக்கும் போக வேண்டுமே என்று நினைத்தாள். அப்படியே தூங்கிப்போனாள்.