மாப்பிள்ளை போட்ட சாட்சிக் கையெழுத்து

எண்பதுகளில் மலேசியாவில், கிள்ளானில் அப்பாவுக்கு ஒரு பலகை வீடு இருந்தது. வாசலில் ரம்புத்தான் மரம். துறைமுக ஆபீசில் கடிதம் எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அம்மா போன பிறகு நானும் என் வீட்டுக்காரரும்தான் கூட இருந்தோம். தம்பி சுங்கை பூலோவில் குடியிருந்தான். வீடு எனக்கு, மற்றதெல்லாம் தம்பிக்கு என்று அப்பா உயில் எழுதினார்.

லாயரிடம் போகலாம் என்றேன். காலமெல்லாம் கடிதம் எழுதியவனுக்கு லாயர் எதற்கு என்று தானே தட்டச்சு செய்தார். இரண்டு சாட்சிகள் ஒன்றாக நின்று பார்க்க வேண்டும் என்பது வரை சரியாகத் தெரிந்து வைத்திருந்தார். பக்கத்து வீட்டு நண்பர் ஒருவர் வந்தார். இன்னொரு சாட்சிக்கு எதிர்வீட்டுச் சீனரைக் கூப்பிடலாமே என்று அந்த நண்பர் சொன்னதும் அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது.

"மாப்பிள்ளை வீட்ல உக்காந்திருக்கும்போது வெளியாளைக் கூப்பிட்டா அவருக்கு என்ன மரியாதை?"

எங்கள் வீட்டில் எந்த நல்லது கெட்டதுக்கும் மாப்பிள்ளைதான் முன்னால் நிற்பார். பந்தியில் முதல் இலையும் அவருக்குத்தான். சட்டைப்பையில் பேனா இல்லாமல் வாசல் தாண்டாத மனிதர் வேறு. கரும்பு தின்னக் கூலியா வேண்டும்? அப்பாவுக்குத் தன் பேனாவையே கொடுத்தார். அப்பாவும் நண்பரும் கையெழுத்துப் போட்டதும், கடைசியாகத் தானும் பெரிதாகப் போட்டு அடியில் ஒரு கோடும் இழுத்தார். நான் கோப்பி கலந்து கொடுத்தேன். மூவரும் சிரித்துக்கொண்டே குடித்த அந்தச் சாயங்காலம் இப்போதும் எனக்கு இனிக்கிறது.

அப்பா இறந்த பிறகு பிரிக்பீல்ட்ஸில் ஒரு லாயரிடம் உயிலைக் கொண்டுபோனோம். இது யார் கையெழுத்து என்று கேட்டார். "நான்தான் சார்" என்றார் என்னவர், பெருமையாக. லாயர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். சொத்து பெறுகிறவரோ, அவருடைய கணவனோ மனைவியோ சாட்சி போட்டால் உயில் செல்லும், ஆனால் அவருக்கு எழுதியது மட்டும் செல்லாது. ஆதாயம் இல்லாத வெளியாள்தான் போட வேண்டுமாம். எனக்கு எழுதிய வீடு 'மற்றதெல்லாம்' என்பதில் சேர்ந்து தம்பிக்குப் போய்விடும்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவரைத் திட்டித் தீர்த்தேன். அந்தக் கோடு இழுத்ததைக்கூட விடவில்லை. மறுநாளிலிருந்து அவர் சட்டைப்பையில் பேனா இல்லை. கேட்க எனக்கும் வீம்பு.

தம்பிக்குப் பேனா கதை உட்பட விஷயத்தைச் சொன்னபோது, "சரிக்கா, பாத்துக்கலாம்லா" என்று மட்டும் சொன்னான். அதற்கு என்ன அர்த்தம் என்று மாதக்கணக்கில் தூக்கமில்லாமல் கிடந்தேன். எங்களுக்கு வேறு வீடு கிடையாது.

கோர்ட்டு வேலை முடிந்ததும் அவனே எங்களை அந்த லாயரிடம் கூட்டிப்போனான். மேசைமேல் வீட்டை என் பேருக்கு மாற்ற அவன் கையெழுத்துப் போட வேண்டிய பாரம் இருந்தது. என் வீட்டுக்காரர் உள்ளே வரவில்லை. தான் நின்றால் இதுவும் செல்லாமல் போய்விடுமோ என்று பயந்து ஆபீஸ் வாசல் அஞ்சடி நடைபாதையிலேயே நின்றார். தம்பி எழுந்து வெளியே போனான்.

"உள்ள வாங்க மச்சான். அப்பா கையெழுத்துப் போட்ட பேனாலதான் நானும் போடுவேன்."

கால்சட்டைப் பைக்குள் ஒளித்து வைத்திருந்த பேனாவை அவர் எடுத்து நீட்டினார். வீடு போச்சு என்றபோதுகூட அழாத மனிதர், தம்பி எழுதுவதைப் பார்த்துக்கொண்டே லாயர் முன்னால் அழுதார்.