பாதி சிவந்த பாதாம் மரம்: நெல்லித்தோப்பில் ஒரு நாள்

“ஒரு மரத்துல பாதி மட்டும் செவந்துபோனா, யாரோ அதக் கொல்லப் பாக்குறாங்கன்னுதானே டீச்சர் அர்த்தம்?”

பொங்கல் முடிந்த வாரம், பிலோமினா டீச்சர் தொலைபேசியில் கேட்டது இது. விழுப்புரத்தில் ஒரே பள்ளியில் நான் அறிவியலும் அவர் தையலும் எடுத்தோம். ஓய்வுக்குப் பிறகு அவர் புதுச்சேரி நெல்லித்தோப்பில் சொந்த வீட்டில் இருக்கிறார். அங்கே சுவரோரம் ஒரு பாதாம் மரம். கடையில் விற்கும் பாதாம் அல்ல. கிளைகளைக் குடைபோல அடுக்கி வளரும் நாட்டு வாதுமை. வருடாவருடம் தை மாதத்தில் முழுமரமும் சிவந்து இலை உதிர்க்கும். இந்த வருடம் பக்கத்து வீட்டுப் பாதி மட்டும் சிவந்திருக்கிறதாம்.

பக்கத்து வீட்டுக் கண்ணப்பன் மீன் வியாபாரி. ஐஸ் பெட்டி கழுவிய உப்புத் தண்ணீரை அவர் வேரில் ஊற்றுகிறார் என்பது டீச்சரின் முடிவு. “நீங்க வந்து பாத்து, உப்புதான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. மறுநாளே ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துடறேன்.”

டீச்சரும் கண்ணப்பனும் இருபது வருடமாக அக்கா, தம்பி என்று பழகியவர்கள். அதனால்தான் கிளம்பினேன்.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி சுமார் நாற்பது கிலோமீட்டர். காலை ஏழு மணிக்கு ஏறினால் எட்டேகாலுக்குப் பேருந்து நிலையம். அங்கிருந்து நெல்லித்தோப்புக்கு நடந்தே போய்விடலாம். வழி தவறி ஒரு டீக்கடையில் கேட்டேன். “சொல்தா வீடா? மாடில புதுசா கட்டியிருக்காங்களே, அதான்” என்றார் கடைக்காரர். டீச்சரின் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்; அப்படிப்பட்டவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். அவர் காலமான பிறகும் அந்தப் பெயர் வீட்டை விடவில்லை.

மரத்தைப் பார்த்ததும் எனக்கே குழப்பம். சுவருக்கு அந்தப் பக்கம் இலைகள் குங்குமச் சிவப்பு. இந்தப் பக்கம் பழுத்த எலுமிச்சை மஞ்சள். நடுவில் கோடு போட்டதுபோல.

“எம் பையன் பாரீஸ்லேருந்து போட்டோ அனுப்பறான். அங்க குளிர்ல மரமெல்லாம் செவக்குது, செரி. இங்க என்னா குளிரு, சொல்லுங்க?” என்றார் டீச்சர்.

நானும் வகுப்பில் குளிர் என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். குளிர்காலம் வரும்போது இலையின் பச்சையம் சிதையும், அடியில் ஒளிந்திருந்த மஞ்சள் தெரியும் என்று. புதுச்சேரிச் சுவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே அடித்த பச்சைப் பெயிண்ட் உரிந்தால் பழைய மஞ்சள் தெரிகிறதல்லவா? மஞ்சள் இலை அப்படித்தான். சிவப்பு வேறு. பெரும்பாலான சிவப்பு ஏற்கெனவே இலையில் இருந்ததல்ல. உதிரப்போகும் நேரத்தில் இலை புதிதாகச் செய்துகொள்வது. அடுத்த வாரம் மூடப்போகும் கடைக்கு யாராவது இந்த வாரம் சிவப்புப் பெயிண்ட் அடிப்பார்களா?

உப்பைச் சோதிக்கக் கடற்கரைக்கு ஆட்டோ பிடித்தோம். நூற்றிருபது ரூபாய். பாதாம் மரம் கண்ணில் பட்ட இடமெல்லாம் நிறுத்தச் சொன்னதில் ஓட்டுநர் அலுத்துவிட்டார். “கடல் பாக்க வருவாங்க, சர்ச் பாக்க வருவாங்க. மரமரமா எறங்கறவங்கள இப்பதாம்மா பாக்கறேன்.”

கடலை ஒட்டி இரண்டு பாதாம் மரங்கள் அருகருகே நின்றன. நாளெல்லாம் உப்புக் காற்று வாங்கியும் ஒன்று முழுப் பச்சை, தளதளவென்று. இன்னொன்று முழுச் சிவப்பு. உப்பு காரணமென்றால் இரண்டும் சிவந்திருக்க வேண்டாமா? ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாடம் கேட்ட இருவர் வேறு வேறு விடை எழுதியதுபோல இருந்தது. எது சரி என்று எனக்கே தெரியவில்லை.

“அப்ப உப்பு இல்லியா?” என்று கேட்டார் டீச்சர்.

“உப்பா இருக்காதுன்னு தோணுது. என்னான்னுதான் தெரியல.”

“இதச் சொல்லவா பஸ் ஏறி வந்தீங்க?”

வீடு திரும்பியதும் கண்ணப்பன் வீட்டு மாடிக்குப் போய்ப் பார்க்கலாம் என்றேன். டீச்சர் வர மறுத்துவிட்டார். நான் மட்டும் போனேன். கண்ணப்பன் முதலில் பின்கட்டுக்குத்தான் அழைத்துப்போனார். “பொட்டி கழுவற தண்ணி நேரா சாக்கடைக்குப் போவுது, நல்லாப் பாருங்க டீச்சர். அந்த மரத்து நெழல்லதான் நான் மத்தியானம் படுக்கறேன். அதுக்கு வெஷம் வெப்பனா?”

மாடியில், சிவந்த கிளையில் பிலோமினா டீச்சரின் கிறிஸ்துமஸ் ஸ்டார் இன்னும் தொங்கியது. தெருவுக்குத் தெரியும் கிளை அதுதான் என்பதால் வருடாவருடம் அங்கேதான் கட்டுவார்கள். கயிறு கண்ணப்பன் மாடிக் குழாயில். ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் அவிழ்த்திருக்க வேண்டும். இந்த வருடம் அக்கா கேட்கவில்லை, தம்பியும் தொடவில்லை. அட்டை ஸ்டார் சரிந்து இலைகள்மேல் படிந்து கிடந்தது.

அதைத் தூக்கினேன். அடியிலிருந்த இலைகள் மஞ்சள். ஒரு பெரிய இலையில் சுற்றிலும் சிவப்பு, நடுவில் ஸ்டாரின் ஒரு முனை மட்டும் கூராக, மஞ்சளாக.

அப்போதுதான் தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தேன். கண்ணப்பன் பக்கம் மேற்கு. பிற்பகல் வெயில் முழுவதும் அங்கே. கிழக்கே, மகன் வந்தால் தங்கட்டும் என்று பிலோமினா டீச்சர் போன வருடம் எழுப்பிய மாடி. காலை வெயிலை அது மறைத்துவிட்டது; பிற்பகல் வெயிலை மேற்குக் கிளைகளே தடுத்துவிடும். வெயில் பட்ட இலை சிவந்தது, படாதது மஞ்சளோடு நின்றது. இரண்டுமே உதிரப்போகிறவைதான்.

அந்த இலையைக் கொண்டுவந்து டீச்சர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் மாடியை நிமிர்ந்து பார்த்தார்.

“மறச்சது நானா?”

அவர் சுவரோரம் போய் நின்றார். அங்கிருந்தே குரல் கொடுத்தார். “கண்ணப்பா, அந்த ஸ்டார அவுத்துக் குடுப்பா.”

“அவுக்கட்டுமாக்கா, இல்ல அடுத்த கிறிஸ்மஸ் வரிக்கும் கெடக்கட்டுமா?”

“வாயக் கொறச்சுக்க. சாயந்திரம் காப்பிக்கு வா.”

அன்று மாலை திரும்பும் பேருந்தில் என் குழப்பம் தீரவில்லை. இலை ஏன் கடைசி நேரத்தில் சிவப்பைச் செய்கிறது? இலையிலுள்ள சத்தை மரம் திரும்ப எடுத்துக்கொள்ளும்வரை வெயிலுக்குக் குடையாக இருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். பூச்சிகளை விரட்ட என்கிறார்கள் வேறு சிலர். முடிவாகவில்லை. கடற்கரையில் அந்த ஒரு மரம் மட்டும் ஏன் பச்சையாக நின்றது என்பதற்கும் என்னிடம் விடை கிடையாது.

சிவப்பைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் தை மாதத்தில் போங்கள். பிற்பகலில் மேற்குப் பக்கத்திலிருந்து பாருங்கள். போக முடியாதவர்கள், உங்கள் தெருவில் நிறம் மாறத் தொடங்கிய பாதாம் இலை ஒன்றின்மேல், வெயில் படும் பக்கமாக, ஒரு துண்டுக் கறுப்புத் தாளைத் துணி கிளிப்பால் மாட்டி, ஒரு வாரம் கழித்து எடுத்துப் பாருங்கள்.